விலை கேட்க வந்தவருடன் ஒரு நாள்

கீழ்க்கட்டளையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு இறங்கியபோது காலை மணி 6.20. இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்ப ஏறி, பூட்டை இழுத்துப் பார்த்தேன். வேலைக்குப் போகிற நாள்களில் எனக்கு இந்தப் பதற்றம் வந்துவிடும். அடுத்தவர் பேசுவதைப் பேசுவதுதான் என் வேலை. ஒரகடத்தில் ஒரு கொரிய கம்பெனியின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருந்த காலத்தில் காதால் பிடித்துக்கொண்ட மொழி; பிறகு வகுப்புக்குப் போய்ப் பரீட்சையும் எழுதினேன். பதினோரு வருடமாகக் கொரிய மொழிக்கும் தமிழுக்கும் நடுவில் நிற்கிறேன். ஓர் ஏஜென்சி கூப்பிட்டு அனுப்பும். நாளுக்கு 4,500 ரூபாய், மதியச் சாப்பாடு அவர்களுடையது.

பல்லாவரம் வரை ஷேர் ஆட்டோ, 20 ரூபாய். அங்கிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில், 5 ரூபாய். அந்த நேரத்து ரயிலில் பாதிப் பேர் கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கும். தாம்பரத்தில் இறங்கி ஜி.எஸ்.டி. சாலைக்கு வந்தால் கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றாக ஆள்களை ஏற்றிக்கொண்டு தெற்கே போகும். வெளியூர்க்காரர்களுக்குத் தாம்பரம் என்றால் ரயில் மாறுகிற இடம். இங்கே இருக்கிற எங்களுக்கு அது பஸ் பிடிக்கிற இடம், அந்த பஸ்தான் எங்கள் சம்பளம்.

7.15. ஹோட்டல் வாசலில் வெள்ளை நிறக் கார். டிரைவர் பெயர் பாபு, முப்பத்தெட்டு வயது, வீடு இரும்புலியூரில். "வா மேடம், சார் ஆறு மணிலேர்ந்து கீழ வந்து நின்னுகினு கீறாரு. ஒரு எடத்துல குந்த மாட்றாரு" என்றார்.

சார் என்பவர் மிஸ்டர் பார்க். ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லி, கையில் கறுப்புத் தோள்பை. கார் கதவுகளுக்குள் ஓடும் ஒயர்களைச் செய்கிற ஒரு கம்பெனியின் கொள்முதல் மேலாளர். கம்பெனியின் தலைமையகம் கொரியாவில், தொழிற்சாலை ஒரகடத்தில். காரின் கதவைத் திறந்தால் கதவுக்கும் வண்டிக்கும் நடுவே மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் தெரியும், அதற்குள்தான் ஒயர் போகிறது. அந்தக் குழாயைச் செய்து தர ஆள் தேடி வந்திருந்தார். இரண்டு நாளுக்கு முன்னால் வியட்நாமில் இருந்தாராம். இன்றைக்கு இங்கே இரண்டு இடம்; இரவு விமானத்தில் ஊர் திரும்புகிறார். அவரும் நானும் பேசிக்கொண்டது எல்லாம் கொரிய மொழியில். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"இன்று நான் சொல்வதைச் சொல்லுங்கள். நான் சொல்லாததைச் சொல்லாதீர்கள்" என்றார், காரில் ஏறியதும். எல்லோரும் சொல்வதுதான். அதற்கான தாளில் ஏஜென்சியில் முன்பே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

தாம்பரத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் 25 கிலோமீட்டர். பெருங்களத்தூரில் பதினைந்து நிமிடம் நகரவே இல்லை. பார்க் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், போனைப் பார்த்தார், பிறகு ஜன்னல் வழியாக எதையோ எண்ணிக்கொண்டு வந்தார். என்ன என்று கேட்டேன். "கன்டெய்னர் லாரி. துறைமுகம் வரை இதே சாலையா?" என்றார். அப்படித்தான் என்றேன். நோட்டில் குறித்துக்கொண்டார். வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி. வழியெல்லாம் அடுக்குமாடி விளம்பரங்கள், அவற்றின் கீழே டீக்கடைகள், டீக்கடை வாசலில் இந்தி பேசுகிற இளைஞர்கள். மறைமலை நகர் தாண்டும்போது அவர் நோட்டில் ஒரு பக்கம் முடிந்திருந்தது.

8.50. முதல் தொழிற்சாலை சிங்கப்பெருமாள் கோவிலுக்குக் கொஞ்சம் உள்ளே. பெரியது, குளிரூட்டியது. மனிதக் கை போலவே வளைந்து சூடான ரப்பரை எடுத்து வைக்கிற இயந்திரங்கள். சுவரில் அறிவிப்புகள் தமிழில் ஒன்று, இந்தியில் ஒன்று, ஒடியாவில் ஒன்று. மேலாளர் நல்ல மனிதர், ஒளிவு மறைவு இல்லாமல் பேசினார். பார்க் சொன்ன விலையை நான் தமிழில் சொன்னதும் சிரித்துவிட்டார்.

"மேடம், இதை அவருக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க. என் ரப்பர்ல பாதி வெளிநாட்டுலேர்ந்து வருது, வரி கட்டித்தான் எடுக்கறேன். வியட்நாம்காரனுக்கு ரப்பர் தோட்டம் வாசல்லயே இருக்கு. சரி, அதை விடுங்க. செஞ்சு முடிச்ச குழாய் அங்கேர்ந்து கப்பல்ல இங்க வந்தா, ரெண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருக்கறதால வரி கிடையாது. ரப்பரா வந்தா வரி, குழாயா வந்தா வரி இல்ல. இதுல நான் எந்த மிஷினைப் போட்டு ஜெயிக்கறது?"

நான் சொன்னேன். பார்க் தலையசைத்தார். அது அவருக்குத் தெரியாத சேதி இல்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மேலாளர் தன்னால் முடிந்த விலையை எழுதிக் கொடுத்தார், பார்க் வாங்கிப் பையில் வைத்தார். வாசல் வரை வந்த மேலாளர் என்னிடம் மெல்லச் சொன்னார்: "பதினஞ்சு கிலோமீட்டர்ல ஒரகடம் இருக்கு. என் லாரி ஒரு மணி நேரத்துல போயிரும். மூணு வாரம் கடல்ல வர்ற சாமானோட நான் போட்டி போடறேன், தோத்துக்கிட்டும் இருக்கேன்."

11.25. சாலைக்குத் திரும்பும் வழியில் பாபு, "நரசிம்மரை ஒரு சுத்து சுத்தினு வந்துட்றேன் மேடம், பன்னண்டுக்கு நடை சாத்திடுவாங்கோ" என்றார். பார்க்கிடம் கேட்டேன். அவரும் இறங்கிவிட்டார். உட்கார்ந்திருப்பதைவிட நடப்பது மேல் என்றார்.

பாறையைக் குடைந்த கோயில் அது. சுவாமி பாறையோடு பாறையாக இருப்பதால், அவரைச் சுற்றவேண்டுமென்றால் குன்றையே சுற்றவேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தோம். வெயில் ஏறிவிட்டது, கல் சுட்டது. நின்றால் இன்னும் சுடும் என்பதால் யாரும் நிற்கவில்லை. பாபு முன்னால், பார்க் நடுவில், நான் பின்னால். குன்றின் பின்பக்கம் வந்தபோது பார்க்கின் போன் அடித்தது. நடந்துகொண்டே எடுத்தார்.

தலைமையகத்திலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் குரலைத் தாழ்த்தவில்லை. சுற்றிலும் கொரிய மொழி தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் அங்கே இருப்பதை அவர் மறந்திருக்கலாம், அல்லது அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளாமலும் இருக்கலாம்.

"இல்லை, இங்கே கொடுப்பது பற்றிப் பேச்சே இல்லை. வியட்நாம்தான். இரண்டாவது இடம் சின்னது, அங்கே விலை நன்றாகக் குறையும். எழுத்தில் வாங்கிக்கொண்டு வருகிறேன். அந்தத் தாளைக் காட்டினால் வியட்நாமில் இன்னும் மூன்று சதவீதம் இறங்குவார்கள்."

போனை அணைத்துவிட்டுக் கால் மாற்றிக் கால் வைத்துக் குதிக்காத குறையாக நடந்தார். நானும் அப்படித்தான் நடந்தேன். என் உள்ளங்கால் எரிந்ததா நெஞ்சு எரிந்ததா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மதியச் சாப்பாடு சாலையோர ஹோட்டலில், அளவுச் சாப்பாடு 120 ரூபாய். பார்க் தயிர்ச்சாதம் மட்டும் கேட்டார், அதிலும் பாதியை வைத்துவிட்டு போன் பேச வெளியே போனார். எனக்கும் இறங்கவில்லை. பாபு என் இலையைப் பார்த்தார்.

"இன்னா மேடம், மூஞ்சி ஒரு மாதிரியா கீது? சார் ஏதாச்சும் சொல்லிட்டாரா?"

"ஒண்ணும் இல்லண்ணா."

"எனக்கு இந்த மாதிரி சாருங்கள தெரியும் மேடம். வெல கேக்க வருவாங்கோ, போவாங்கோ." அப்பளத்தை உடைத்துக்கொண்டே சொன்னார். "நான் எட்டு வருசம் செல்போன் கம்பெனில வேல செஞ்சுகினு இருந்தவன். நல்ல கம்பெனி, நல்ல சோறு, பொண்ணுங்களுக்கெல்லாம் பஸ்ஸு. ஒரு நாள் காலைல ஷூ மாட்டிகினு ரோட்டாண்ட நிக்கிறேன், பஸ்ஸே வரல. லேட்டுன்னு நெனச்சேன். பக்கத்துல நிக்கிறவனுக்கும் தெரியல. கம்பெனிய மூடிட்டாங்கோன்னு ஒம்பது மணிக்குத்தான் சேதி வந்துச்சு. கணக்கு முடிச்சுக் குடுத்த காசுலதான் இந்த வண்டி."

"கோவம் வரலையா?"

"வந்துச்சு. ஆனா யாரு மேலன்னு தெரியல. அதான் ரொம்ப பேஜாரு."

மோர் வாங்கிக் குடித்துவிட்டு வண்டியை எடுத்தார்.

வண்டலூரில் வெளிவட்டச் சாலை பிடித்தோம். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து அனகாபுத்தூர் வரை நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. அகலமான சாலை, வண்டி பறந்தது. நான் பின் இருக்கையில் நகத்தைக் கடித்துக்கொண்டு வந்தேன். பதினோரு வருடத்தில் எத்தனையோ கேட்டிருக்கிறேன். முதலாளி மட்டமாகப் பேசியதை, தொழிலாளி ஒரு கெட்ட வார்த்தை சொன்னதை எல்லாம் கேட்டிருக்கிறேன். சொல்ல வேண்டியதைச் சொல்லி, மற்றதை அங்கேயே விட்டுவிட்டு வீடு வந்து தூங்கியிருக்கிறேன். என் கீழ்க்கட்டளை வீடே இந்தக் கம்பெனிகள் கொடுத்ததுதான். அவர்கள் இங்கே வராமல் இருந்திருந்தால் நான் எந்தக் கடையில் பில் போட்டுக்கொண்டிருப்பேனோ. உலகம் இங்கே வந்தது என்றால் அதில் எனக்கும் பங்கு கிடைத்திருக்கிறது. ஆகவே பார்க் மேல் எனக்குச் சுலபமாகக் கோபப்பட முடியவில்லை. விலை கேட்பது அவர் வேலை. ஆனால் விலையைச் சொல்லப் போகிறவர் எதற்காகச் சொல்கிறோம் என்று தெரியாமல் சொல்வார். அந்த இடத்தில்தான் மனம் சுற்றிச் சுற்றி வந்தது.

2.30. அனகாபுத்தூர். அடையாற்றின் கரைப் பக்கமாக இறங்கும் குறுகிய தெரு, கார் உள்ளே போகாது. பாபு முனையில் நிறுத்தினார். நடந்தோம். தலைக்கு மேல் ஒரு விமானம் சக்கரத்தை நீட்டிக்கொண்டு தாழப் போனது. தெருவில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை, பார்க் மட்டும் பார்த்தார்.

இரண்டாவது தொழிற்சாலை ஒரு கொட்டகைதான்; அதன் வாசலிலேயே உரிமையாளர் எஸ்தர் நின்றிருந்தார். நாற்பத்தாறு வயது, காட்டன் புடவைக்கு மேல் வேலைக்கான நீல மேல்சட்டை. பல்லாவரத்தில் ஷூ அடிப்பாகம் செய்கிற கம்பெனியில் மேற்பார்வையாளராக இருந்து, அது மூடியபோது ரப்பரை அச்சில் அழுத்துகிற இரண்டு பழைய பிரஸ்களை விலைக்கு வாங்கிக்கொண்டு வந்து சொந்தமாக ஆரம்பித்தவர். இப்போது ஆறு பிரஸ், இருபத்திரண்டு பேர். கணவர் ரயில்வேயில். இதையெல்லாம் உள்ளே போகும் வழியிலேயே சொல்லிவிட்டார், எதையும் சுற்றி வளைக்கவில்லை.

இயந்திரங்கள் எல்லாம் இடுப்பளவு கான்கிரீட் மேடை மேல் நின்றன. ஏன் என்று பார்க் கேட்டார்.

"ஆத்துல தண்ணி வந்தா இந்தத் தெருவுக்குத்தான் முதல்ல வரும். போன தடவை எங்கே வரைக்கும் வந்ததோ அதுக்கு ஒரு அடி மேல தூக்கிட்டேன். சரக்கு மேல பரண்ல. இவர் ஆர்டர் ஒரு நாள் கூட நிக்காதுன்னு சொல்லுங்க."

சொன்னேன். பார்க் மேடையைத் தட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் அன்றைக்கு முதல் முறையாக ஒரு மரியாதை தெரிந்தது. ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் பார்த்தார். எஸ்தர் எடுத்துக் கொடுத்த மாதிரிக் குழாயை இழுத்தார், முறுக்கினார், வெளிச்சத்தில் பிடித்தார். "நன்றாக இருக்கிறது" என்றார். நான் சொன்னதும் பிரஸ் பக்கத்தில் நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு அலுவலக அறை. அறை என்றால் ஒரு மேஜை, நான்கு நாற்காலி, ஒரு மின்விசிறி. டீயும் முறுக்கும் வந்தன. பார்க் தன் பையிலிருந்து இன்னொரு குழாயை எடுத்து மேஜையில் வைத்தார். வியட்நாமில் செய்தது. "இதற்கு இணையாக இருக்கவேண்டும். விலையில் இதைவிடக் குறைவாக" என்றார்.

எஸ்தர் அதைக் கையில் எடுத்தார். அச்சிலிருந்து வந்த ரப்பரின் ஓரத்தில் பிசிறு இருக்கும், அதை வெட்டி எடுக்க வேண்டும். அந்த ஓரத்தை டியூப்லைட் பக்கம் திருப்பி, விரலால் தடவிக்கொண்டே போனார்.

"இது மிஷின் வெட்டு இல்ல" என்றார். "பிளேடால வெட்டியிருக்காங்க. இடது கைக்காரங்க. பாருங்க, வெட்டு இந்தப் பக்கமா இழுத்துருக்கு. ரொம்ப நல்ல கை. எங்க செல்வி இவ்வளவு சுத்தமா வெட்டமாட்டா."

நான் அதைப் பார்க்கிடம் சொன்னேன். அவர் அந்தக் குழாயை வாங்கித் தானும் திருப்பிப் பார்த்தார். பையில் போட்டுக்கொண்டார். "மாதம் ஐம்பதாயிரம் குழாய். உங்கள் கடைசி விலை என்ன?" என்றார்.

எஸ்தர் மேஜை இழுப்பறையைத் திறந்து இரண்டு தாள்களை எடுத்தார். ஒன்றை மேஜையில் வைத்தார். மற்றதை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"முதல் தாள்ல குழாய் ஒண்ணுக்கு இருபத்தொன்னு ரூபா நாப்பது காசு போட்டிருக்கேன். இது என் நிஜமான விலை. இதுக்குக் கீழ எனக்கு நிக்காது. இன்னொரு தாள்ல பதினெட்டு அறுபது. அது புது பிரஸ் வாங்கினா மட்டும் முடியும், அதுவும் முதல் ரெண்டு வருசம் எனக்கு ஒண்ணும் மிஞ்சாது. மிஷின்காரர் நாளைக்கு அட்வான்ஸ் கேக்கறார். வீட்டுப் பத்திரத்தைப் பேங்க்ல வைக்க எடுத்து வச்சிருக்கேன்." என்னைப் பார்த்தார். "நான் இப்ப கேக்கப் போறதை அப்படியே கேளுங்க மேடம், அழகுபடுத்தாம. பதினெட்டு அறுபதுக்கு நான் எழுதிக் குடுத்தா ஆர்டர் எனக்கு வருமா? வராதுன்னா இப்பவே சொல்லிடச் சொல்லுங்க. நான் ஒண்ணும் தப்பா நினைக்கமாட்டேன்."

அப்படியே கேட்டேன், ஒரு சொல்லும் விடாமல். வீட்டுப் பத்திரத்தையும் சேர்த்துத்தான்.

பார்க் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். புன்னகை செய்தார். "நல்ல விதமாகப் பரிசீலிக்கிறோம்" என்றார்.

எனக்கு அந்த வாக்கியம் பழக்கம். பதினோரு வருடத்தில் எத்தனை முறை அதைத் தமிழில் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. கொரியாக்காரர் ஒருவர் இன்னொரு கொரியாக்காரரிடம் சொன்னால், கேட்டவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். நடக்காது என்பதை முகம் சுளிக்காமல் சொல்கிற வழி அது. தமிழில் சொன்னால் பாதி ஆர்டர் வந்துவிட்ட மாதிரி கேட்கும். நான் அப்படியே சொல்லிவிட்டுப் போன இடங்களில் இனிப்புப் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். நானும் ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டிருக்கிறேன்.

எஸ்தர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது தாளின் ஓரம் அவர் விரலுக்கிடையில் மடங்கிக்கொண்டிருந்தது.

கோயிலில் கேட்டதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் இந்த அறையில், இந்தக் கேள்விக்கு, இவர் சொன்ன பதிலைப் புரியும்படி சொல்வதுதான் எனக்குக் கொடுத்த வேலை.

"'நல்ல விதமாகப் பரிசீலிக்கிறோம்'னு சொல்றார்" என்றேன். "அவங்க மொழில இது மரியாதையான பேச்சுக்கா. 'தருவேன்'ங்கற உறுதி இதுல கிடையாது. பெரும்பாலும் இதை மறுக்கறதுக்குத்தான் சொல்வாங்க."

உடனே பார்க் பக்கம் திரும்பினேன். "நீங்கள் சொன்னதில் உறுதி எதுவும் இல்லை, பெரும்பாலும் மறுப்பாகச் சொல்வது என்று இவரிடம் விளக்கினேன். நான் சொன்னது சரிதானா?"

அவர் என்னை நேராகப் பார்த்தார். இல்லை என்று சொன்னால் ஆர்டர் உறுதி என்று ஆகிவிடும். அவரால் அதையும் சொல்ல முடியாது.

"சரிதான்" என்றார்.

"நான் சொன்னது சரின்னு சொல்றார்க்கா."

எஸ்தர் மடியிலிருந்த தாளை நான்காக மடித்து மேல்சட்டைப் பைக்குள் வைத்தார். மேஜையில் இருந்த முதல் தாளைப் பார்க்கின் பக்கம் தள்ளினார்.

"இருபத்தொன்னு நாப்பது. இதுதான் என் விலை. முறுக்கு எடுத்துக்கச் சொல்லுங்க, வீட்டுல செஞ்சது."

பார்க் ஒரு முறுக்கை எடுத்துக்கொண்டார். சாப்பிடவும் செய்தார்.

4.40. மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு எட்டு கிலோமீட்டர். பாபு கண்ணாடி வழியாக இரண்டு தடவை என்னைப் பார்த்தார். பல்லாவரம் சிக்னலில் நின்றபோதுதான் பார்க் வாயைத் திறந்தார்.

"நான் கேட்காத விளக்கத்தைக் கொடுத்தீர்கள்."

"அவர் கேட்டது ஒரு கேள்வி. பதில் அவருக்குப் புரிய வேண்டும் இல்லையா?"

"ஏஜென்சியிடம் இதைச் சொல்ல வேண்டியிருக்கும்."

"சொல்லுங்கள்" என்றேன்.

சிக்னல் விழுந்தது, வண்டி நகர்ந்தது. வெளியே பார்த்துக்கொண்டு அவர் பேசினார், என்னிடம்தானா என்று தெரியாத மாதிரி. "நான் பூசானில் பிறந்தவன். எங்கள் தெருவில் எல்லாப் பெண்களும் ஷூ தைத்தார்கள். அம்மாவும். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கான ஷூ. நான் பள்ளியில் படிக்கும்போது வேலை இந்தோனேசியாவுக்குப் போனது. அம்மா அதற்கு முந்தின மாதம்தான் தவணையில் புதுத் தையல் இயந்திரம் வாங்கியிருந்தாள். அவளிடம் யாரும் முன்னால் சொல்லவில்லை."

பாபு வண்டியை விமான நிலையச் சாலையில் திருப்பினார்.

விமான நிலைய வாசலில் இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். காலையில் குனிந்ததைப் போலவே எனக்குக் குனிந்து வணக்கம் சொன்னார். கண்ணாடிக் கதவுக்குள் போய், பாதுகாப்பு வரிசையில் நிற்காமல் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன்.

"இன்னா நடந்துச்சு மேடம் உள்ள?" என்றார் பாபு. எஸ்தர் விலையைக் குறைக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். "அப்படிப் போடு" என்று ஸ்டீயரிங்கைத் தட்டினார். அன்றைக்கு வண்டி ஓடியது 78 கிலோமீட்டர். வீடு வரைக்கும் விடுகிறேன் என்றார், வேண்டாம் என்று திரிசூலத்தில் ரயில் ஏறினேன். கூட்டத்தில் நிற்க வேண்டும் போல இருந்தது.

பல்லாவரம் பிளாட்பாரத்தில் எஸ்தரின் போன் வந்தது.

"மேடம், ஒண்ணே ஒண்ணு. உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"அக்கா, அங்க பேசினதுக்கு மேல நான் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது."

"சரி, போதும்" என்றார். "மிஷின்காரர்கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன். இவ்வளவு நாளா அந்த ஆர்டரைத்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன். இப்ப என்ன பண்றதுன்னே தெரியல, பொண்ணுங்க எல்லாம் மூஞ்சியப் பாக்கறாங்க." பிறகு, "அந்த இடது கைக்காரியை நினைச்சா பாவமா இருக்கு. நான் பதினெட்டு அறுபதுன்னு எழுதியிருந்தா அவ சம்பளத்துலதானே கை வச்சிருப்பாங்க?"

அந்தத் தாள் வியட்நாமுக்குப் போகவிருந்ததை அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று எனக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தும் உட்காரத் தோன்றவில்லை. பால்கனிக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்தேன். காலையில் போன இடமெல்லாம் எனக்குத் தெரிந்த ஊர்கள், ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரும் தெரியும். ஆனாலும் எங்கேயோ தூரம் போய்த் திரும்பிய அசதி இருந்தது. கதவுக்குப் பக்கத்திலேயே செய்யக்கூடிய ஒரு ரப்பர் குழாய் ஏன் கடல் தாண்டி வருகிறது என்பதற்கு அன்று மூன்று பேர் மூன்று காரணம் சொன்னார்கள். மேலாளர் வரியைச் சொன்னார், பார்க் விலையைச் சொன்னார், எஸ்தர் அங்கே இருக்கிற நல்ல கையைச் சொன்னார்; மூன்றும் நிஜம். அதில் ஒன்றைக்கூட எஸ்தரால் சரிசெய்ய முடியாது, வேலையை இன்னும் நன்றாகச் செய்தாலும் முடியாது. இது எனக்குப் புதிதாகத் தெரிந்தது இல்லை. புதிதாக உறைத்தது.

அந்த வாரமே ஏஜென்சியிலிருந்து கடிதம் வந்தது. வாடிக்கையாளர் வேறு மொழிபெயர்ப்பாளரைக் கேட்டிருக்கிறாராம். காரணம் எழுதவில்லை. நான்கு மாதம் எனக்கு அங்கிருந்து அழைப்பு இல்லை. ஒரு பயிற்சி நிலையத்தில் மாலை வகுப்பு எடுத்துச் சமாளித்தேன்.

நான்கு மாதம் கழித்து எஸ்தர் கூப்பிட்டார். வியட்நாமிலிருந்து குழாய் ஏற்றிவந்த கப்பல் எங்கேயோ மாட்டிக்கொண்டதாம். ஒரகடத்தில் குழாய் இல்லாமல் வேலை நிற்கிற நிலை. பார்க்கின் அலுவலகத்திலிருந்தே போன். மூன்று வாரத்தில் நாற்பதாயிரம் குழாய் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள்.

மறுநாள் அனகாபுத்தூர் போனேன், இந்தத் தடவை பஸ்ஸில். உள்ளே ஆறு பிரஸ்ஸும் ஓடிக்கொண்டிருந்தன. எஸ்தர் என்னை அலுவலக அறைக்குக் கூட்டிக்கொண்டு போய் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"முடியும்னு சொல்லிட்டேன். மூணு வாரத்துக்கு அப்புறம் கப்பல் வந்துரும், நம்மளை மறந்துருவாங்க, அது எனக்குத் தெரியும். புது ஆள் எடுக்கல. இருக்கறவங்களுக்கு ஓவர்டைம்." விலைத் தாளை என் பக்கம் திருப்பினார். இருபத்தைந்து ரூபாய் என்று எழுதியிருந்தது. "இதுக்குக் கீழ அவங்க மொழியிலேயே ஒரு வரி எழுதிக் குடுங்க. இந்த விலை இந்த நாற்பதாயிரத்துக்கு மட்டும், அடுத்த தடவை கேட்டா வேற விலை, அப்படின்னு."

எழுதினேன். எஸ்தர் தாளைக் கையில் எடுத்து, படிக்கத் தெரியாத அந்த எழுத்துகளை ஓரம் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல 'தயவுசெய்து'ன்னு ஏதாச்சும் இருக்கா?"

"இருக்குக்கா. கடைசியில. 'புரிந்துகொள்ளும்படி வேண்டிக்கொள்கிறோம்'னு போடறது வழக்கம்."

"அதை எடுத்துருங்க" என்றார்.